ஒற்றை விரலுக்கு மடங்காத கத்தி

அந்த அறையில் ஒரு மேசை, ஒரு பீரோ, ஒன்றரை நாற்காலி. அரை என்று மைத்துனன் கணக்குச் சொல்வது வருகிறவர்களுக்கான இரும்பு மடக்கு நாற்காலியை. அதை விரித்துப் போட்டால் பீரோவைத் திறக்க முடியாது. பீரோவைத் திறக்க வேண்டுமானால் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்க்க வேண்டும். அதுவரை வந்தவர் நிற்க வேண்டும்.

அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைக் கடைத்தெரு முழுவதும் நிதானம் என்றுதான் அழைக்கும். அறுபத்திரண்டு வயது, மாடி ஏறினால் முனகும் முழங்கால்கள், துப்பறிந்து துப்பறிந்து மனிதர்கள் மேல் ஏற்பட்ட ஒரு பொதுவான அலுப்பு. அவருடைய உதவியாளன் அவர் மனைவியின் தம்பி. நாற்பத்தைந்து வயதாகியும் வாய்க்கு மட்டும் இன்னும் மீசை முளைக்கவில்லை என்பது அக்காவின் அபிப்பிராயம்.

காலை ஒன்பது மணிக்கு வந்த பெரியவர் முதுகை வளைக்காமல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி ஆடியது. உடனே எழுந்துவிட்டார். அதைக் கவிழ்த்து, தளர்ந்திருந்த ஆணியைக் கண்டுபிடித்து, மேசைமேல் இருந்த இரும்பு வெயிட்டை எடுத்துத் தட்டினார். இந்தப் பக்கம் ஆறு தட்டு, அந்தப் பக்கம் ஆறு தட்டு. கடிகாரத்தின் எண்களைச் சுற்றி வருவதுபோல ஒரே பலத்தில், ஒரே இடைவெளியில். பிறகு நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி அசையவில்லை.

"எங்க அக்கா பத்து வருஷமா சொல்லியும் நாங்க செய்யாத வேலை இது. வந்த காலோட முடிச்சிட்டீங்க" என்றான் மைத்துனன். "அப்படியே அத்தான் முழங்காலையும் ஒரு பார்வை பாருங்களேன்."

பெரியவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. முப்பத்தைந்து வருடம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முத்திரை குத்திய எடைக்கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று வியாபாரிகளே சொல்லுவார்கள். ஏமாற்றுகிறவர்கள் அவரைக் கண்டால் கடையை மூடுவார்கள். அப்படிப்பட்டவரின் ஒரே மகன்மேல் இப்போது குற்றச்சாட்டு.

மகன் அரசாங்க ஆவணக் காப்பகத்தில் எழுத்தர். பழைய பத்திரக் கட்டுகளைப் பிரித்துத் தேடிக் கொடுப்பது வேலை. நாற்பது வருடம் இறுகிப்போன நாடா முடிச்சைக் கத்தரிக்கோல் கவ்வாது. கீழே நுழைத்து அறுக்க மெல்லிய அலகு வேண்டும். அதற்காக அவர் சட்டைப்பையில் ஒரு பேனாக்கத்தி எப்போதும் இருக்கும். உள்ளே கருவி எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பது காப்பகத்தின் கட்டளை. ஆகவே கத்தி தினமும் அவரோடு போய் அவரோடு வரும்.

கத்திச் சட்டம் கடுமையானது. அலகு ஏழரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. விரித்தால் பூட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. உதறினால் தானாக வெளியே வரக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் அது பேனாக்கத்தி இல்லை, ஆயுதம். நாலு நாளைக்கு முன்னால் காப்பகத்து வாசலில் மகனின் கத்தி விரித்த பிறகு மடங்க மறுத்தது. பிடுங்கி உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். இன்று மாலை நாலு மணிக்கு விசாரணை. தவறு என்று முடிவானால் வேலை போகும், பெயர் போலீஸ் பதிவேட்டில் ஏறும்.

"அந்தக் கத்தியை இருபது வருஷத்துக்கு முன்னாடி வாங்கிக் கொடுத்தவன் நான்" என்றார் பெரியவர். "சட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு வாங்கினேன். அது தப்பா போக வழியே இல்ல. எவனோ கைவச்சிருக்கான்."

யார்மேல் சந்தேகம் என்று நிதானம் கேட்டார். பக்கத்து மேசைக்காரன் என்றார் பெரியவர். மகன் போனால் அந்த இடம் அவனுக்குத்தான். மகன் என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கு, தெரியாது என்கிறான் என்றார். கத்தி எப்படி இறுகியது என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறானாம்.

"நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை..."

"வேண்டாம். நான் கேட்டாச்சு. அதுக்கு மேல ஒரு வெளியாள் கேட்டா, அவன் சொன்னதை அப்பனே நம்பலைன்னு ஆகும்." பெரியவர் எழுந்தார். "எங்க வீட்டுல நான், மகன், மருமக. மூணே பேர். எங்க வேணா தேடுங்க. எங்க வீட்டு வாசப்படி மட்டும் வேண்டாம். அங்க தேட ஒண்ணும் இல்ல."

அவர் படியிறங்கிப் போகும் ஓசை தேயும்வரை மைத்துனன் காத்திருந்தான்.

"தேட வேண்டிய இடத்தைக் கோடு போட்டுக் காட்டிட்டுப் போறாரு, அத்தான்."

"நாக்கை அடக்கு. மானத்தோட வாழ்றவங்க பேசுற பேச்சு அது" என்றார் நிதானம். ஆனால் அவருக்கும் அதே எண்ணம் வந்திருந்தது. வந்ததுதான் அலுப்பாக இருந்தது.

காப்பக வாசலில் ஒரு மர மேசை. அதன் ஓரத்தில் ஏழரை சென்டிமீட்டருக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த காவலர் அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். ஒரு நாளைக்கு இருநூறு பைகளைத் திறந்து பார்த்துக் களைத்த கண்கள். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டால் பொருளைக் காட்டலாம் என்று உத்தரவு இருந்ததால் உறையைப் பிரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கத்தியை மேசையில் வைத்தார்.

எலும்புப் பிடி போட்ட சாதாரணப் பேனாக்கத்தி. நகம் வைத்து இழுக்க அலகில் ஒரு சிறு பள்ளம். பிடியில் ஒரு கீறல், பக்கத்தில் காப்பகம் பொறித்த எண்.

"கத்தி மாறலை" என்றார் காவலர் அம்மாள். "இந்த எண்ணை நான்தான் பொறிச்சேன். இருபது வருஷமா தினம் ரெண்டு தடவை என் கைக்கு வர்ற கத்தி. தூக்கத்துல கொடுத்தாலும் அடையாளம் சொல்லுவேன்."

சோதனை எப்படி என்று அவரே செய்து காட்டினார். முதலில் கோட்டில் வைத்து அளப்பது. அடுத்து மடித்த கத்தியை ஓர் உதறு உதறுவது. அலகு வெளியே வரக் கூடாது. கடைசியில் விரித்த கத்தியின் முதுகில் ஒற்றை விரலால் அழுத்துவது; அலகு மடங்க வேண்டும். முதல் இரண்டிலும் கத்தி தேறியது. மூன்றாவதில் அவர் விரல்தான் வளைந்தது.

"பூட்டு இருக்கான்னு தேடினேன். இல்ல. ஆனா விதி பூட்டு இருக்கான்னு கேட்கல. ஒத்தை விரலுக்கு மடங்குதான்னு கேட்குது. நான் என்ன செய்ய?"

நிதானம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கத்தியின் அலகைப் பிடியோடு சேர்த்த ஆணியைப் பார்த்தார். இருபது வருடத்துக் கறுப்புக்கு நடுவில் ஆணியின் தலை மட்டும் பளபளத்தது. சுற்றிலும் பொட்டுப் பொட்டாகத் தழும்பு.

"முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"தளர்வா இருந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு முந்தி உதறினப்போ அலகு வெளியே வரல, ஆனா லேசா அசைஞ்சுச்சு. சார், இது தளருது, வேற வாங்கிடுங்கன்னு சொன்னேன். அந்த வாரமே நாடா அறுக்கும்போது மடங்கி விரலைக் கடிச்சிடுச்சு. கட்டுப் போட்டுக்கிட்டு வந்தார்."

"அவர் என்ன சொன்னார்?"

"வீட்டுல சொல்றேன்னார்." காவலர் அம்மாள் கொஞ்சம் தயங்கினார். "ஒரு கத்தி வாங்க வீட்டுல எதுக்குச் சொல்லணும்னு நினைச்சேன். கேட்கல."

பக்கத்து மேசைக்காரரைப் பற்றி விசாரித்தார் நிதானம். அவர் மகளின் பிரசவத்துக்காக மூன்று வாரமாக விடுப்பில் இருக்கிறார், ஊரிலேயே இல்லை என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார் அம்மாள். பெரியவர் கைகாட்டிய எதிரி அதோடு கணக்கிலிருந்து கழிந்தார். கத்தி கடைசியாகத் தளர்வாக இருந்தது எப்போது என்ற கேள்விக்கும் பதிவேடு பதில் சொன்னது. விடுமுறைக்கு முந்தின நாள் மாலை. நடுவில் ஒரு விடுமுறை நாள். அதற்கு அடுத்த காலையில் கத்தி கல்லாக நின்றது.

தெருவுக்கு வந்ததும் மைத்துனன் கையை விரித்தான். "லீவு நாள்ல கத்தி எங்க இருந்திருக்கும்? அவர் வேண்டாம்னு சொன்ன வாசப்படிக்கு உள்ளதான். மகனே இறுக்கியிருப்பாரு, அத்தான்."

"தினம் ரெண்டு வேளை இந்தச் சோதனைக்கு நிக்கிறவன். இறுக்கியிருந்தா முதல்ல ஒத்தை விரலை வச்சுப் பார்த்திருப்பான்."

"அப்ப மருமக?"

"புருஷன் விரல் அறுந்தா எந்தப் பொண்ணும் புதுக் கத்தி வாங்குன்னு சொல்லுவா. பழசைத் தட்டிக்கிட்டு உக்கார மாட்டா."

மூன்றில் இரண்டு கழிந்தது. மிச்சம் ஒன்று. அதை இருவருமே வாயால் சொல்லவில்லை. மகனுக்குக் கேடு நினைத்தா ஒரு தகப்பன் காலையில் வந்து துப்பறிகிறவன் படியேறுவான்? நிதானத்துக்கு அது பிடிபடவில்லை. பிடிபடாதபோது பொருளைப் பின்தொடர்வது அவர் பழக்கம். கத்தி எந்தக் கடையில் வாங்கியது என்று காலையிலேயே கேட்டு வைத்திருந்தார்.

கத்திக்கடை ஒரு குறுகிய சந்துக்குள் இருந்தது. வாடிக்கையாளருக்கு ஒரு முக்காலி. அதன் ஒரு கால் குட்டை. உட்கார்ந்ததும் டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது, அசைந்ததும் டக்கென்று மறுபக்கம். நிதானத்தின் முழங்கால்களுக்கு அதுவே போதும் என்று இருந்தது.

கடைக்காரர் தட்டில் ஐந்து பேனாக்கத்திகளை அடுக்கினார். "முன்னெல்லாம் கத்தி வாங்க வர்றவங்க கத்தியைப் பார்ப்பாங்க. இப்ப விதியைப் பார்க்கிறாங்க" என்றவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். மரப்பிடி போட்டது கைக்கு இதம், ஆனால் மழைக்காலத்தில் மரம் உப்பி அலகைப் பிடித்துக்கொள்ளும். இரட்டை அலகு உள்ளதை வாசலில் இரண்டு தடவை சோதிப்பார்கள், வேலைக்கு நேரமாகும். முனை கூரானதைப் பார்த்தாலே காவலருக்குக் கண் சிவக்கும். பித்தளைப் பிடி பையைக் கிழிக்கும். ஐந்தாவது எலும்புப் பிடி, முனை மழுங்கல், ஒற்றை அலகு. எந்த விதிக்கும் தலை வணங்கிப் போகும்.

"இதே மாதிரி ஒண்ணு இருபது வருஷத்துக்கு முன்னாடி இங்க வாங்கியிருக்காங்க" என்றார் நிதானம்.

கடைக்காரர் முகத்தில் ஒரு நினைவு ஓடியது. "எடைக்கல் சாரா? அவரை மறக்க முடியுமா? அரை நாள் நின்னார். கடையில இருந்த இருபத்தாறு கத்தியையும் விரிச்சு மடக்கினார். சொந்தமா ஸ்கேல் கொண்டாந்தார். அலகு முதுகுல நூலைக் கட்டி எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு எடைக்கு மடங்குதுன்னு குறிச்சுக்கிட்டார். பையன் கூட நின்னான், பாவம். அவன் வேலைக்குத்தான் கத்தி. ஒரு தடவைகூட அவன் கையில கொடுத்துப் பார்க்கச் சொல்லல."

மைத்துனன் ஒரு கத்தியை உதறிக்கொண்டே கேட்டான். "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்தப்பவும் ஸ்கேல் கொண்டு போயிருப்பாரோ?"

நிதானம் அவனைப் பார்த்த பார்வையில் கத்தி தட்டுக்குத் திரும்பியது. பழைய கத்தி தானாக இறுகுமா என்று கேட்டார்.

"எந்தக் காலத்துலயும் இல்ல. வயசானா தளரத்தான் செய்யும், நம்மளை மாதிரி. யாராச்சும் ஆணியைத் தட்டினாத்தான் இறுகும். அது லேசான வேலை இல்லைங்க. தளர்ந்த கத்தி விரலைக் கடிக்கும், இறுகின கத்தி சட்டத்தைக் கடிக்கும். நடுவுல ஒரு முடி அளவுதான் இடம். நானே ரெண்டு தட்டுத் தட்டுவேன், மடக்கிப் பார்ப்பேன், மறுபடி ஒரு தட்டு. தெரியாதவங்க ஒரே அடியா அடிச்சு ஆணியை நசுக்கிடுவாங்க."

"ஒரே அடி இல்ல. சுத்திலும் சின்னச் சின்னத் தழும்பு. எல்லாம் ஒரே அளவு."

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அப்ப அது பொறுமையான கை. கெடுக்கணும்னு அடிச்ச கை இல்ல."

அறைக்குத் திரும்பும்போது மணி இரண்டரை. மாடிப்படியில் நிதானம் இரண்டு தடவை நின்றார். மேலே வந்ததும் மேசையில் கையை ஊன்றிக் கண்ணை மூடினார். பகையாளி கத்தியை மாற்றுவான், திருத்த மாட்டான். இது திருத்தின வேலை. இதைத் திருத்தினவன் யாராக இருந்தாலும் அந்த விரலுக்காக வருத்தப்பட்டவன். அதுவரைக்கும் சரியாக வந்த கணக்கு, அதற்கு மேல் ஆதாரம் இல்லாமல் நின்றது. ஆதாரம் இல்லாமல் ஒரு மானஸ்தர் வீட்டைப் பற்றி அதிகாரி முன்னால் வாயைத் திறக்க அவர் தயாராக இல்லை.

"கோட்டை எடு. விசாரணைக்கு இப்படியே போக முடியாது" என்றார்.

கறுப்புக் கோட்டு பீரோவுக்குள் இருந்தது. மைத்துனன் மடக்கு நாற்காலியைப் பிடித்தான். வழக்கமாக முழங்காலால் ஓர் இடி கொடுத்தால் பொத்தென்று மடங்கும் நாற்காலி. இடித்தான். மடங்கவில்லை. கவிழ்த்துப் போட்டு மிதித்தான். அது நாலு காலையும் பரப்பிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"மடங்க மாட்டேங்குது, அத்தான். காலையில ஆடின நாற்காலி, இப்ப..."

அவன் முடிக்கவில்லை. நிதானம் மேசையைச் சுற்றி வந்தார். குனிய முடியாத முழங்கால்களோடு குனிந்து அந்த ஆணியைப் பார்த்தார். துருவுக்கு நடுவில் பளபளவென்று ஆணியின் தலை. சுற்றிலும் பொட்டுப் பொட்டாகத் தழும்பு. ஆறு. புரட்டினால் அந்தப் பக்கமும் ஆறு.



"கோட்டு இல்லாமத்தான் போகணும்போல" என்றான் மைத்துனன், தணிந்த குரலில்.

காப்பகத்து மாடித் தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சு. ஒரு கோடியில் மகன் உட்கார்ந்திருந்தார். நரை எட்டிப் பார்க்கும் தலை, ஆள்காட்டி விரலில் ஆறிக்கொண்டிருந்த ஒரு வடு. மறுகோடியில் பெரியவர், பெஞ்சில் முதுகு படாமல். இருவருக்கும் நடுவில் நாலு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

நிதானம் பெரியவரை ஜன்னலோரம் அழைத்துப் போனார். மைத்துனன் பின்னாலேயே போய் ஐந்தடி தள்ளி நின்றுகொண்டான். வாயைத் திறக்காமல் நின்றான் என்பது அன்றைய அதிசயங்களில் ஒன்று.

"உங்க வாசப்படியை மிதிக்கல, ஐயா. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன்."

"கண்டுபிடிச்சீங்களா?"

"காலையில எங்க நாற்காலி ஆடுச்சு. இறுக்கிக் கொடுத்தீங்க."

"ஆடுறதை இறுக்கித்தானே ஆகணும்?"

"ஆமாங்க. ஆனா அது மடக்கு நாற்காலி. இப்ப மடங்கல."

பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே வாசல் மேசையில் காவலர் அம்மாள் யாருடைய பையையோ திறந்து மூடிக்கொண்டிருந்தார். அங்கேயே பார்த்தபடி சொன்னார். மருமகள் புதுக் கத்தி வாங்கலாம் என்று சொன்னாளாம். மாமா, நீங்க பார்த்து எடுத்த கத்தி இவர் விரலைத் தின்னுது என்றாளாம். அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சோறு இறங்கவில்லை. விடுமுறை நாள் மத்தியானம் மகன் படுத்திருந்தபோது கத்தியை எடுத்துத் தட்டினார். இரண்டு கையாலும் மடக்கிப் பார்த்தார். மடங்கியது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

"பிடிபட்டதும் உங்களுக்குத் தோணலையா, ஐயா?"

"என் கை பட்ட பொருள்ல தப்பு வராதுன்னு நினைச்சேன்" என்றார் பெரியவர். "எனக்கு அப்புறம் வேற எவனோ கைவச்சிருக்கணும்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

நிதானம் அதை நம்பினார். இந்தத் தொழிலில் பொய்யைவிட அவரை அதிகம் களைக்க வைத்தது இந்த வகை உண்மைதான்.

"உள்ள நான் எதுவும் சொல்லப் போறதில்ல. யார் செஞ்சதுன்னு தெரியலைன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுறேன். உங்க பேர் வெளிய வராது. ஆனா உங்க மகனும் பேச மாட்டார். அதையும் யோசிச்சுக்கோங்க."

பெரியவர் பெஞ்சின் கோடியைத் திரும்பிப் பார்த்தார். மகன் தலையைக் குனிந்து விரல் வடுவைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

விசாரணை அதிகாரி ஜலதோஷத்தில் மூக்கு சிவந்த ஓர் அம்மாள். கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு குற்றச்சாட்டைப் படித்தார். பதில் என்ன என்று மகனைக் கேட்டார். மகன் எழுந்து, என் கத்திதான், பொறுப்பு என்னுடையதுதான், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்க" என்றார் பெரியவர்.

அவர் எழுந்து நின்றார். முதுகு எப்போதும்போல நிமிர்ந்துதான் இருந்தது. கைகள் மட்டும் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"செஞ்சது நான். தளர்ந்திருந்தது, இறுக்கினேன். அவனுக்குத் தெரியாம எடுத்துச் செஞ்சேன்."

"நீங்க எடை அளவு இன்ஸ்பெக்டரா இருந்தவர். ஒத்தை விரல் விதி உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். மத்தவங்க வேலையைத்தான் சோதிச்சுப் பழக்கம். என் வேலையை நான் அளந்து பார்க்கல."

அந்தக் கடைசி வார்த்தை அந்த மனிதருக்கு என்ன விலை என்று நிதானத்துக்குத் தெரிந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டார். இன்னொருவர் தலை குனியும்போது பார்க்காமல் இருப்பதும் ஒரு மரியாதை.

"எனக்குத் தெரியும்பா" என்றார் மகன்.

பெரியவர் மெதுவாகத் திரும்பினார்.

"நான் தூங்கல. சத்தம் கேட்டுச்சு. அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் ஆறு. வேற யாரு அப்படித் தட்டுவாங்க?"

"தெரிஞ்சா ஏண்டா சொல்லல?"

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் எப்படிப்பா சொல்றது?"

பெரியவர் பிடித்திருந்த வேட்டி மடிப்பை விட்டார்.

கத்திக்கடைக்காரர் சொன்னதையே அதிகாரியும் தன் பாஷையில் சொன்னார்: பூட்டு இல்லாத கத்தி, திருத்தப் போய் இறுகினது, ஆயுதமாக மாற்றிய நோக்கம் இல்லை. மகன்மேல் குற்றம் தள்ளுபடி, நாளைக் காலை வேலைக்கு வரலாம். பழைய கத்தி திரும்பக் கிடைக்காது. புதுசு வாங்கி வாசலில் மூன்று சோதனையும் தேறிய பிறகே உள்ளே கொண்டுபோக வேண்டும். பெரியவர் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

எத்தனையோ கடைக்காரர்களின் தப்பை எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கிய கை, அன்று தன் தப்பை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டது. எழுத்து கோணவில்லை. அந்தக் காகிதமும் ஒரு கட்டில் சேர்ந்து, நாடா சுற்றி, அலமாரிக்குப் போகும். கட்டுகிறவர் மகனாகத்தான் இருப்பார்.

ஐந்து மணிக்கு நாலு பேரும் கத்திக்கடைக்குள் நின்றார்கள். கூட வாருங்கள் என்று நிதானத்தை அழைத்தது பெரியவர்தான். தனியாக மகனோடு நடக்க அவருக்கு என்னவோபோல் இருந்தது என்று நிதானம் புரிந்துகொண்டார்.

கடைக்காரர் ஐந்து கத்தியுள்ள தட்டை வழக்கப்படி பெரியவர் பக்கம் நீட்டினார். பெரியவர் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனார். அங்கே ஒரு சிறிய இரும்பு ஸ்கேலின் நுனி தெரிந்தது. கை அங்கேயே நின்றது. பிறகு வெறுமையாக வெளியே வந்து தட்டை மகன் பக்கம் தள்ளியது.

மகன் மரப்பிடி போட்டதை எடுத்தார்.

"அது மழைக்காலத்துல உப்பும்" என்று தொடங்கிய கடைக்காரரை நிதானம் ஒரு கண்ணசைவில் நிறுத்தினார். மகன் அதை விரித்தார், ஒற்றை விரலால் மடக்கினார், கீழே வைத்தார். அடுத்து எலும்புப் பிடியை எடுத்தார். விரித்தார். உள்ளங்கையில் வைத்து நாடா அறுப்பதுபோல இழுத்துப் பார்த்தார். உதறினார். பழக்கம் விடவில்லை, அப்பாவிடம் நீட்டினார்.

"நீங்க ஒரு தடவை பாருங்கப்பா."

"உன் விரல்" என்றார் பெரியவர். "நீயே பாரு."

சொல்லிவிட்டு அந்த முக்காலியில் உட்கார்ந்தார். அது டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. மைத்துனனின் பார்வை உடனே கல்லாப் பக்கம் ஓடியது. அங்கே கடைக்காரரின் சின்னச் சுத்தியல் எட்டும் தூரத்தில் கிடந்தது. பெரியவரும் அதைப் பார்த்தார்.

முக்காலி மறுபக்கம் டக்கென்று சாய்ந்தது. அவர் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு, மகன் மூன்றாவது கத்தியை எடுப்பதைப் பார்த்தபடி, ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.